சந்தனம் பூசிய ரிவால்வர்

மிளகாய் வாங்குகிறவன் கண்ணை நம்பித்தான் ஏமாறுவான். நல்ல சிவப்பாக இருந்தால் போதும் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். நான் ஒரு கை அள்ளிக் காதோரம் வைத்துக் குலுக்குவேன். உள்ளே விதை கலகலத்தால் காய்ந்த சரக்கு. சத்தமில்லாவிட்டால் ஈரம், எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடையில் ஒரு ரிவால்வர் என் கைக்கு வந்தபோது, பழக்கதோஷம், அதையும் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கிவிட்டேன். டை கட்டியிருந்த கடைக்காரர் மேஜைக்குப் பின்னால் பாதி குனிந்துவிட்டார். தோட்டா போடாத ரிவால்வர் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் உயிர் என்று ஒன்று இருக்கிறதே.

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். தண்டையார்பேட்டையில் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மிளகாய் மண்டி. கீழே சரக்கு அடுக்கும் கிட்டங்கி, மேலே வீடு. என் வீட்டுக்காரர் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, யாரோ ஒருவரின் மண்டியில் மூட்டை தைத்து, பிறகு தனியாகத் தொடங்கிய கடை அது. விஷக்காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. காரியம் எல்லாம் முடிந்த மறுவாரமே நான் பெட்டியடியில் போய் உட்கார்ந்தேன். பெட்டியடி என்றால் பணப்பெட்டிக்குப் பின்னால் முதலாளி உட்காரும் மெத்தை. வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் அங்கே உட்கார்ந்ததைப் பார்க்க, வண்டிக்காரர்கள்கூட மாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், பார்வைக்கு வரியா போடமுடியும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்காரரின் அண்ணன் கொத்தவால் சாவடியில் பெரிய மண்டி வைத்திருந்தார். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். வாரத்துக்கு ஒரு தடவை வந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரே பல்லவியைப் பாடுவார். ஒண்டிப் பொம்பளைக்கு இந்தத் துறைமுகத்துச் சகவாசம் ஆகாது, ஊரில் வீடு இருக்கிறது, பேசாமல் போய் இருந்துகொள், மண்டியை நான் பார்த்துக்கொண்டு மாசாமாசம் அனுப்புகிறேன் என்பார். குரலில் அவ்வளவு பாசம். கேட்கிறவர்களுக்கு என் மேலேதான் கோபம் வரும். ஆனால் எனக்கு ஒன்று தெரியும். ஊருக்குப் போய் மூலையில் உட்கார்ந்தால் அத்தோடு நான் முடிந்தேன். இந்த மண்டி கையில் இருக்கிறவரைக்கும்தான் நான் ஒரு ஆள். அதனால் அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, காப்பி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் தொல்லை கொடுக்க ஆரம்பித்தான். அந்த வட்டாரத்துக் கடைகளில் மாமூல் வாங்குகிறவன். பச்சை பெல்ட்டு, அதில் செருகிய கத்தி, பேசும்போது இடது கை எப்போதும் கத்திப்பிடி மேலேயே இருக்கும். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவான். இப்போது உள்ளே வந்தான். ஒருநாள் பட்டப்பகலில், இறக்கி வைத்த மூட்டைகளை வரிசையாகக் கிழித்துவிட்டான். தெருவெல்லாம் மிளகாய். அப்புறம் பெட்டியடி வரைக்கும் வந்து, ஏதோ அக்கறையாகச் சொல்கிறவனைப்போல மெதுவாகச் சொன்னான்:

"இன்னாம்மே, மாடில ஒண்டியாத்தான் தூங்கினுக்கீறியாமே? காத்துக்கோசரம் கதவைத் தொறந்து வச்சிக்கினு தூங்காதே. யார்னா ஏறி வந்துட்டா அப்பறம் பேஜாராப் பூடும்."

அன்றைக்கு நான் பயந்தேன். பயந்ததைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மாடிக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். ஆனிப் புழுக்கத்தில் ஜன்னலையும் சாத்திக்கொண்டு வேர்வையில் கிடந்தபோது பயம் போய் ஆத்திரம் வந்தது. என் வீட்டில் என் ஜன்னலை நான் சாத்துவதா?

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நாய் வளர்க்கச் சொன்னார் ஒருவர். கருவாடு காயும் வட்டாரத்தில் எந்த நாய் ஒரு வீட்டுக்கு விசுவாசமாக இருக்கும்? மிளகாய் மண்டியை வைத்துக்கொண்டா பயப்படுகிறாய், ஒரு பிடி தூளை அள்ளி வீசு என்று சிரித்தார்கள் பலர். அவர்கள் யாரும் அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் இல்லை. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எதிரே வீசியது எதுவும் எதிரே போகாது, வீசினவன் கண்ணுக்கே திரும்பி வரும். ஒரு தரம் மிளகாய் காயப்போட்ட களத்தைக் கூட்டும்போதே எனக்கு அந்த அனுபவம் ஆகிவிட்டது.

துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்றபோது கணக்குப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். மண்டி தொடங்கிய நாளிலிருந்து எங்களுக்குக் கணக்கெழுதுகிறவர், சாமி பக்தி அதிகம். அத்தானோ, லைசென்ஸ் விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரிடமே, பொம்பளை கையில் துப்பாக்கி கொடுத்தால் அது எவன் கையிலோ போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பெட்டிச் சாவி என் கையில் இருக்கிறது, கிட்டங்கிச் சாவி என் கையில் இருக்கிறது, இதுவரை எதுவும் எவன் கைக்கும் போகவில்லை என்றேன். கிழிந்த மூட்டைகளையும் காட்டினேன். அவருக்குத் தும்மல் அடங்கவில்லை. சீக்கிரம் எழுதிக்கொண்டு கிளம்பினார். எழும்பூர் கமிஷனர் ஆபீசுக்கு நாலைந்து நடை நடந்தபிறகு லைசென்ஸ் வந்தது.

மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது ஒரு குட்டிப் பிஸ்டல். வெள்ளி மாதிரி பளபளப்பு, பிடியில் முத்துச்சிப்பி. லேடீஸுக்கென்றே செய்தது, ஹேண்ட்பேக்குக்குள் அடங்கிவிடும் என்றார். என்னிடம் இருந்தது சுருக்குப்பை. பிடித்துப் பார்த்தேன், கையில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. சுடுவதற்கு முன்னால் அதன் முதுகை ஒரு தரம் பின்னால் இழுத்துவிட வேண்டுமாம். இழுத்தேன். விரல் வழுக்கி, அது திரும்பிப் போகிற வேகத்தில் கட்டைவிரல் சதையைக் கவ்விவிட்டது. கை வேர்த்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். துடைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால்? மறுபடி இழுத்து, அந்தத் தோட்டாவைக் கீழே தள்ளிவிட்டு, அடுத்ததை ஏற்றிச் சுட வேண்டும் என்றார். அதுவரைக்கும் வந்தவன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பானா என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் என்னை லேடீஸ் என்று சொல்வதை விட்டுவிட்டு ஒழுங்காகச் சரக்கைக் காட்ட ஆரம்பித்தார்.

இரண்டாவது, பட்டாளத்துக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய ரிவால்வர். அதைப் பார்த்தாலே எவனும் ஓடிவிடுவான் என்றார். அவன் ஓடாவிட்டால் நான் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமே. கையை நீட்டினேன், கொஞ்ச நேரத்திலேயே குழல் தரையைப் பார்த்தது. மூட்டை தூக்கிப் பழகிய கைதான் என்னுடையது. ஆனாலும் தூக்குவது வேறு, நீட்டிப் பிடிப்பது வேறு.

மூன்றாவதை அவர் எடுக்கவேயில்லை. கண்ணாடி அலமாரியின் மூலையில் நானே பார்த்தேன். சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனதாம். பெரியதுமில்லை, பொடியதுமில்லை. கருப்புப் பூச்சு குழல் முனையில் தேய்ந்திருந்தது. மரப்பிடி. அதைத்தான் குலுக்கினேன், கடகடவென்று ஆடவில்லை. கையை நீட்டினேன், நான் வைத்த இடத்தில் நின்றது. பக்கவாட்டில் திறந்தால் தோட்டா உட்காரும் ஆறு குழியும் அஞ்சறைப்பெட்டி மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டாம். ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை அழுத்தினால் போதும், அடுத்தது தானாக வந்து நிற்கும். விசை மட்டும் கொஞ்சம் கனம். அது நல்லதுதான் என்று தோன்றியது. ஆத்திரத்தில் விரல் பட்டவுடன் வெடிக்கிற சாமான் என் மாதிரி முன்கோபக்காரிக்கு ஆகாது.

பில் போடும்போது அவர் கறாராக ஒரு விஷயம் சொன்னார். கடலோரம், உப்புக் காற்று, வாரம் தவறாமல் துடைத்து எண்ணெய் போட வேண்டும். குழலுக்குள் துணித் துணுக்குகூட அடைந்திருக்கக் கூடாது. அடைந்திருப்பது தெரியாமல் சுட்டால் குழல் வெடித்துச் சுடுகிறவர் கைதான் போகும். இதை இரண்டு தடவை என் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வாத்து சுடப் போகிறவர்களோடு அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். துணைக்குக் கணக்குப்பிள்ளை வந்தார், குடையோடு. மணல்மேட்டில் ஒரு மண்பானையைக் கவிழ்த்து வைத்தார்கள். முதல் தோட்டா எங்கே போனது என்று அந்தக் கடலுக்குத்தான் தெரியும். இரண்டாவது மணலில். மூச்சை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, விசையை அவசரப்படாமல் அழுத்தியபோது பானை உடைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. புருஷன் போனதற்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மீதித் தோட்டாவுக்கும் பானை கேட்டேன்.

ரிவால்வர் பெட்டியடி மேஜையின் இழுப்பறைக்கு வந்த செய்தி ஒரு நாளில் டோல்கேட் முழுக்கப் பரவியது. நான் யாரிடமும் காட்டவில்லை. கணக்குப்பிள்ளைதான் பானை உடைந்த கதையைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பொம்பளை சுட்டாள் என்று நிறுத்தாமல், ஒரே குண்டில் மூன்று பானை என்று வளர்த்துவிட்டார். அதற்கப்புறம் அவன் வாசலோடு நின்றான். அடுத்த வாரம் தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர்வாடையில் நின்றான். அப்புறம் காணோம். நான் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்கினேன். துப்பாக்கியெல்லாம் வெறும் பந்தா, மனதில் தைரியம் இருந்தால் போதும் என்று பிற்பாடு எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்குத் தைரியம் அந்த இழுப்பறைக்குள்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. மண்டித் தெருவில் அது தீபாவளியைவிடப் பெரிய நாள். தராசு, படிக்கல், சாக்குக் கொக்கி, மூட்டையைக் குத்திச் சரக்கு பார்க்கும் குத்தூசி எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிடுவோம். பூஜை போட்டுவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து எடுக்கிறவரைக்கும் எவரும் எதையும் தொடக் கூடாது. தொழில் செய்கிற சாமான்களுக்கு வருஷத்தில் ஒருநாள் ஓய்வு. தெருவில் ஒரு தராசுகூட ஆடாது.

ரிவால்வரையும் பூஜையில் வைக்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளைதான் சொன்னார். காதைப் பொத்திக்கொண்ட மனிதர். அதுவும் ஆயுதம்தானே அம்மா, விட்டால் குறையாகிவிடும் என்றார். சரிதான் என்று தோட்டாக்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொடுத்தேன். அடுப்பங்கரையில் பொங்கலை இறக்கிவிட்டு வருவதற்குள் மனிதர் பக்தியைக் காட்டிவிட்டார். பிடிக்கு மூன்று பொட்டு, குழல் நெடுக பட்டை, குழல் வாயில் கொழுக்கட்டை மாதிரி ஒரு உருண்டைச் சந்தனத்தை அப்பி அதன் மேல் குங்குமம். சாமிக்கு முன்னால் வைத்தாகிவிட்டது, இனிமேல் தொடக் கூடாது. எனக்குப் பக்கென்றது. ஒரு நாள்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சாயங்காலம், வெயில் தாழ்கிற நேரம், அவன் வந்தான். புதுச் சட்டை, நெற்றி நிறையக் குங்குமம். கணக்குப்பிள்ளை எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவன் பூஜையைப் பார்த்தான், ரிவால்வரைப் பார்த்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"துப்பாக்கி சாமி கும்புட்டுக்கினு கீது போல."

பொறுக்கி எடுத்த நாள். இன்றைக்கு அதைத் தொடமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாதது குழல் வாயில் இருந்த உருண்டை. சாமி குற்றம் வந்தாலும் வரட்டும் என்று எடுத்துத் தோட்டா போட்டால்கூட என் கைதான் போகும். அப்போதுதான் அவன் இடது கையைக் கவனித்தேன். எப்போதும் கத்திப்பிடி மேல் கிடக்கும் கை, இன்றைக்கு எங்கே போவது என்று தெரியாமல் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. பெல்ட்டில் கத்தி இல்லை.

"உன் கத்தி எங்க?" என்றேன்.

"வூட்டுல. பொட்டு வச்சுக் கீது." கேட்டதே தப்பு என்பதுபோல என்னைப் பார்த்தான். "பின்ன? தொழில் பண்ற சாமானாச்சே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தி இல்லாமல் பார்த்தால் அவன் ஒல்லியான, தோள் சரிந்த, என் வயதுக்காரன். ஆயுத பூஜையன்று கடைக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் பொரி கடலை கொடுக்காமல் அனுப்பக் கூடாது. உட்காரச் சொல்லி, தட்டு நிறைய பொரி, கடலை, வெல்லம், ஒரு பழம் வைத்துக் கொடுத்தேன். தயங்கினான், உட்கார்ந்தான், தின்றான். தின்றவன் வாய் சும்மா இருக்குமா?

"இந்தா பாரும்மே, எனக்கும் உனக்கும் இன்னா தகராறு? சாவடிக்காரு, உன் வூட்டுக்காரு அண்ணன், அவருதான் சொன்னாரு. தீவாளிக்குள்ள உன்னைப் பயம் காட்டி ஊருக்கு அனுப்பிடணுமாம். நீ போய்த் துப்பாக்கி வாங்கியாருவேன்னு அவரும் நெனைக்கல, நானும் நெனைக்கல."

என் வீட்டுக்காரருக்குக் கொள்ளி வைத்த கை அத்தானுடையது. அந்தத் தோளில் சாய்ந்து என் மாமியார் அழுததை நான் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து பொரி தின்கிறவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இவன் கூலிக்கு மூட்டை கிழித்தவன்.

"நாளைக்குக் காலையில நான் மறுபூஜை பண்ணி எடுத்துருவேன். நீயும் எடுத்துருவே," என்றேன். "அதுக்கப்புறம் இந்தப் படி ஏறினா என்கிட்ட பொரி இருக்காது."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறதென்று துண்டில் கொஞ்சம் பொரி கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் அவன் ஏறவில்லை.

மறுநாள் காலையில் அத்தான் வந்தார். வருவார் என்று தெரியும். விஜயதசமியன்று முதல் எடையை மண்டி முதலாளி தராசு பிடித்துப் போட்டால்தான் வருஷம் முழுக்க வியாபாரம் விளங்கும் என்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் இருக்கும்போது அவர் பிடிப்பார். அவர் போனபிறகு, தாலியறுத்தவள் அந்த நல்ல எடையைத் தொடக் கூடாது என்று அத்தான் வந்து பிடிப்பார். தெருவும் அதைப் பார்க்கும். தராசு யார் கையில் இருக்கிறதோ மண்டி அவருடையது, அவ்வளவுதான் தெருவின் சட்டம்.

மறுபூஜை முடிந்தது. நான் முதலில் ரிவால்வரை எடுத்துக்கொண்டு பெட்டியடியில் உட்கார்ந்தேன். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஈரத் துணியால் ஊறவைத்து, ஒரு மூங்கில் குச்சியால் குழல் வாயைக் குடைந்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அத்தான் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அவன் வந்தான் அத்தான். பொரி தின்னான். எல்லாம் சொன்னான்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். "உன் நல்லதுக்குத்தான் தாயி," என்றார், அதே பாசக் குரலில்.

நான் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எண்ணெய்த் துணியை விட்டு இழுத்தேன். ரிவால்வரை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

"என்ன சொல்லுதீக அத்தான். நல்லது எதுன்னு எனக்குத் தெரியாதா? தம்பி வீட்டுல உங்களுக்குக் காப்பி என்னைக்கும் உண்டு. தராசை மட்டும் இனிமே நான் பிடிச்சுக்கிடுதேன்."

கணக்குப்பிள்ளை தராசை ஏந்திக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் கையை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தராசு என் கைக்கு வந்தது. அத்தான் எழுந்து, காப்பி குடிக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என் கையால் அந்த எடையை எவர் வாங்குவார் என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. மாத்தூரிலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு பெட்டிக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார், பையை விரித்தார், ஒரு வீசை மிளகாய் கேட்டார். ஒரு தட்டில் படிக்கல்லை வைத்தேன், இன்னொன்றில் மிளகாயை அள்ளிப் போட்டுத் தராசைத் தூக்கினேன்.

"எடையைச் சரியாப் போடும்மா, போன வாட்டி கொறஞ்சிருந்தது," என்றார். அவர் கண் தராசு முள்ளிலேயே இருந்தது. பொட்டில்லாத என் நெற்றியை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.